சின்யோராவின் இருபது செக்கன்

"என்ரை கால் எங்கை?"

சின்யோரா டோரா இப்படிக் கேட்டபோது அவருடைய இரண்டு கால்களும் எங்கள் முன்னால்தான் இருந்தன. கம்பளிக் காலுறைக்குள், நீலச் செருப்புக்குள், ஒரு சின்ன முக்காலியின் மேல் பத்திரமாக இருந்தன. நானும் என் மனைவி வசந்தியும் ஒரே நேரத்தில் குனிந்து அவற்றைப் பார்த்தோம்.

"இந்தக் கால் இல்லை. அந்தக் கால்," என்று தொலைக்காட்சியைக் காட்டினார்.

தொலைக்காட்சியில் நான் மூன்று கிழமை இருந்து செய்த படம் அப்போதுதான் முடிந்திருந்தது. அமெரிக்க மலைநாட்டுப் பாட்டுக்காரர்களையும் அவர்களுடைய வீடு வாசலையும் பற்றிய பழைய படச்சுருளில் இருந்து செய்தது அது. முடிவில் சின்யோராவின் பெயர் தங்க எழுத்தில் சுழன்று சுழன்று வந்தது. எழுத்தைச் சுற்றி இரண்டு புறாக்கள் பறந்தன. வெளியே, பலெர்மோவின் ஒரேத்தோத் தெருவில், வெங்காய ரொட்டி விற்கிற மூன்று சில்லு வண்டி ஒலிபெருக்கியில் கத்திக்கொண்டு போனது.

சின்யோரா பேசியது இத்தாலியன், அதிலும் பாதி சிசிலியன். ஆனால் என் காதில் எல்லாம் யாழ்ப்பாணத் தமிழாகத்தான் விழும். விழுந்தபடியே எழுதுகிறேன், இத்தாலியன் தெரிந்த வாசகர்கள் கோபிக்க வேண்டாம்.

"எந்தக் கால், சின்யோரா?"

"நான் ஆடின கால். பலகையிலை ஆட, என்ரை சால்வோ எடுத்தவர். மாமா வாறார், கோழி வருது, நாய் ரெண்டுதரம் வருது. என்ரை கால் மட்டும் வரேல்லை."

அந்தக் காலை எனக்கு நல்ல ஞாபகம். வெட்டி எறிந்தவனே நான்தான்.

புறா விடுகிறவன்

கிழமை நாட்களில் நான் ஸ்தாசியோனே சென்ட்ராலே என்கிற பெரிய ரயில் நிலையத்துக்குப் பக்கத்து விடுதி ஒன்றில் அறை துப்புரவாக்குகிறவன். சனி ஞாயிறுகளில் வேறு ஆள். கறுப்புச் சேட்டுப் போட்டுக் கமராவைத் தோளில் ஏற்றினேன் என்றால் பலெர்மோத் தமிழரில் பாதிப்பேர் என்னைக் கண்டதும் வயிற்றை உள்ளே இழுத்துக்கொள்வார்கள். கலியாணம், பெண்பிள்ளைகளின் சாமத்திய வீடு, முதல்நன்மை, அறுபதாவது பிறந்தநாள் எல்லாம் என் கைக்குள்ளால் போனவைதான். முன்பெல்லாம் சைவக்காரர் வீடென்றால் எழுத்தைச் சுற்றிக் குத்துவிளக்கு, கிறிஸ்தவ வேதக்காரர் வீடென்றால் புறா. பிறகு சைவக்காரரும் தங்களுக்குப் புறாதான் வேண்டும் என்று நின்றார்கள். இப்போது எல்லோருக்கும் புறா.

இந்தத் தொழிலில் சட்டம் ஒன்றே ஒன்றுதான். வந்தவர் எல்லோருடைய முகமும் வர வேண்டும்.

ஒரு கலியாணத்தில் மாப்பிள்ளைக்குப் பெரியப்பா முறையான ஒருவர் தூணுக்குப் பின்னால் இருந்துவிட்டார். படம் கையில் கிடைத்த அன்று மூன்று மணித்தியாலத்தையும் அசையாமல் இருந்து பார்த்தாராம். தூணுக்கு வெளியே அவருடைய கைக்கடிகாரம் மட்டும் இரண்டுதரம் வந்தது. அதோடு மாப்பிள்ளையின் தகப்பனோடு கதையில்லை. என்னோடும்தான். பஸ்ஸில் கண்டால் கடிகாரத்தை மூடிக்கொண்டு அடுத்த தரிப்பில் இறங்கிவிடுவார்.

அதிலிருந்து நான் முகம் பொறுக்குவதில் சூரன். கால் என்றால், பெண் அம்மி மிதிக்கும்போது ஒரு மூன்று செக்கன் காட்டுவேன். அதற்குமேல் காலுக்கு எங்கள் தொழிலில் வேலையில்லை.

அலுமாரிக்குள் வினாகிரி

வசந்தி பதினொரு வருடமாகச் சின்யோரா டோராவைப் பார்த்துக்கொள்கிறாள். முதல் இரண்டு வருடமும் அவர் அசல் பலெர்மோக்காரி என்றுதான் நினைத்திருந்தோம். மீன்காரனோடு அப்படி ஒரு சண்டை பிடிப்பார். ஒருநாள் கோப்பி பொங்கி அடுப்பெல்லாம் ஊற்றியபோது அவர் வாயிலிருந்து ஆங்கிலம் வந்தது. அதுவும் அச்சில் போட முடியாத ஆங்கிலம். அன்றைக்குத்தான் விசாரித்து அறிந்தோம், அவர் அமெரிக்காவின் நிலக்கரி மலைகளில் பிறந்தவர் என்று. அங்கே சுரங்கத்தில் வேலைக்குப் போன சால்வோ என்ற சிசிலி இளைஞர் அவரைக் கட்டி இங்கே கூட்டிவந்துவிட்டார்.

"ஊர் முழுக்க இஞ்சையிருந்து அங்கை கப்பல் ஏற, நான் ஒருத்திதான் அங்கையிருந்து இஞ்சை வந்தனான்," என்பார்.

சால்வோ இறந்து ஏழெட்டு வருடம். இந்த வருடம் சின்யோராவின் முழங்கால்கள் மூன்றாம் மாடிப் படியை மறுத்துவிட்டன. தொரினோவில் இருக்கிற மகள் வந்து தன்னோடு கூட்டிப்போவதாக முடிவாகி, சாமான் கட்டத் தொடங்கினோம். அலுமாரிக்குள் வினாகிரி மணத்தது. போத்தல் உடைந்துவிட்டது என்று வசந்தி துணியோடு போனாள். போத்தல் இல்லை, ஆறு தகரப் பெட்டிகள். உள்ளே படச்சுருள். பழைய சுருள் பழுதாகத் தொடங்கினால் அப்படித்தான் மணக்குமாம்.

சால்வோ சுரங்கத்துச் சம்பளத்தில் சாவி கொடுக்கிற கமரா ஒன்று வாங்கியிருக்கிறார். சாவியை முறுக்கிவிட்டால் அரை நிமிடம்கூட ஓடாது, நின்றுவிடும். சத்தமும் பிடிக்காது. பாட்டுக்காரராகத் தேடித் தேடிப்போய்ச் சத்தமில்லாமல் படம் எடுத்த மனுசரை நான் வேறெங்கும் கேள்விப்பட்டதில்லை.

"போகமுதல் ஒருக்காப் பாக்கவேணும்," என்றார் சின்யோரா. "மெஷின் உடைஞ்சு கனகாலம். சால்வோவும் நானும் கடைசியா எப்ப பாத்தம் எண்டே மறந்துபோச்சு. தொரினோவிலை மகளுக்கு நேரம் இருக்காது. எனக்கும் எவ்வளவு நேரம் இருக்கோ."

வசந்தி என்னைப் பார்த்தாள். நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "நான் செய்து தாறன்," என்றேன்.

ஒருதரம்தான் ஓடும்

பகேரியாவில் பிப்போ என்றொரு கிழவர் இருக்கிறார். ஒரு காலத்தில் மாதாகோவில் மண்டபத்தில் படம் ஓட்டியவர். அந்த இயந்திரத்தை இன்னும் எலுமிச்சம்பழப் பெட்டிகளுக்கு நடுவே வைத்திருக்கிறார். தகரப் பெட்டிகளை மடியில் வைத்துக்கொண்டு ரயிலில் போனேன். பக்கத்தில் இருந்தவர் ஒன்றும் சொல்லாமல் எழும்பி அடுத்த பெட்டிக்குப் போனார். கை கால் நீட்ட இடம் கிடைத்ததில் எனக்குச் சந்தோஷம்தான்.

பிப்போ சுருளை மோந்து பார்த்தார். நகத்தால் ஓரத்தைத் தடவினார்.

"சுருங்கிப்போச்சுது. இயந்திரத்தின்ரை பல்லு ஓட்டையிலை இருக்காது," என்றார். "ஒருதரம் ஓடும். ரெண்டாந்தரம் ஓட்டினா நூல் நூலா வரும். எடுக்கிறதை இப்பவே எடும்."

சுவரில் வெள்ளைத் துணி கட்டி, எதிரே என் கமராவை நிறுத்தினேன். கதவைச் சாத்தினோம்.

ஒற்றைப் பல்லோடு ஒருவர் பான்ஜோ வாசிக்கிறார். தாச்சிச் சட்டிக்குக் கழுத்து வைத்த மாதிரி ஒரு வாத்தியம் அது. அண்ணன் தம்பி இரண்டுபேர் ஒருவரை ஒருவர் முறைத்தபடி வயலின் இழுக்கிறார்கள். ஒரு பெண் கொதிக்கிற தண்ணீர்க் கிடாரத்துக்குள் உடுப்பைத் தடியால் கிண்டுகிறாள். கிழவர் ஒருவர் நாயோடு ஒரே மர வாங்கில் இருந்து கண்ணை மூடிப் பாடுகிறார், நாய், அவர் தனக்குத் தெரிந்தவர் இல்லை என்பதுபோல மற்றப் பக்கம் பார்க்கிறது. சுரங்கத்தால் வருகிறவர்கள் கரி அப்பின முகத்தோடு கமராவைக் கண்டதும் தொப்பியைச் சரிசெய்கிறார்கள். கலியாண வீட்டுக்காரரைப்போலவே சரிசெய்கிறார்கள்.

இடையிடையே யாருடையவோ கைகள் அவரைக்காய் உரிக்கின்றன. ஆளில்லாத ரோட்டில் தூசி பறக்கிறது. பிறகு ஒரு பலகைத் தளம், அதில் இரண்டு கால். கறுப்புச் சப்பாத்து, பாவாடை விளிம்பு. தட்டுகிறது, உரசுகிறது, குதிக்கிறது. நான் கொட்டாவி விட்டேன். ஒரு இருபது செக்கனில் வெள்ளையாக வெளிச்சம் அடித்து அது முடிந்தது.

சுருள் வெளியே வந்தபோது ஓரமெல்லாம் கிழிந்து தொங்கியது. பிப்போ சொன்னது சொன்னபடி நடந்துவிட்டது. பரவாயில்லை, எல்லாம் என் கமராவுக்குள் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு ரயில் ஏறினேன்.

வெட்டும் ஒட்டும்

பிறகு நான் செய்ததை இப்போது எழுதவே கூச்சமாக இருக்கிறது. எழுதாவிட்டால் வசந்தி விடமாட்டாள். வாரப் பத்திரிகையில் நான் எழுதுகிற இந்தத் தொடரைத் தான் வாசிப்பதே இல்லை என்று எல்லோருக்கும் சொல்கிறாள், ஆனால் ஒவ்வொரு வாரமும் எங்கே புளுகினேன் என்று சரியாகச் சொல்கிறாள்.

முகங்களையெல்லாம் பொறுக்கி எடுத்தேன். நல்ல முகங்களை இரண்டுதரம் போட்டேன். உடுப்புத் தோய்க்கிறவளை மெதுவாக ஓடவிட்டு மேலே ரோஜா இதழ் கொட்டினேன். சத்தமில்லாத பான்ஜோவுக்கு நாதஸ்வரமும் தவிலும் சேர்த்தேன்.

"இஞ்சாருங்கோ, அந்தாள் வாசிக்கிறதுக்கும் இந்த மேளத்துக்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்டாள் வசந்தி.

"தாளம் பொருந்துதெல்லோ."

உண்மையாகவே பொருந்தியது. ஒற்றைப் பல்லர் கெட்டிமேளத்துக்குச் சரியாகத் தலையை ஆட்டினார்.

கைகளை வெட்டினேன். ரோட்டை வெட்டினேன். கால்களை வெட்டும்போது யோசிக்கவேயில்லை. அந்தச் சனிக்கிழமை ஒரு சாமத்திய வீடு இருந்தது. வழக்கம்போலக் கமராவின் கார்ட்டுகளைத் துடைத்து வெறுமையாக்கி, அதில் அந்தப் பிள்ளைக்கு ஆலாத்தி எடுத்ததைப் படம் பிடித்தேன். படம் முடிந்தால் வெட்டினதையெல்லாம் கார்ட்டிலும் கணினியிலும் துடைப்பது என் பழக்கம். சோறு வெந்த பிறகு யாராவது அரிசி கழுவின தண்ணீரை வைத்திருப்பார்களா?

சின்யோரா சொன்ன கதை

ஆகவே, "என்ரை கால் எங்கை" என்று சின்யோரா கேட்டபோது நான் புறாக்களைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

வசந்தி குரலைத் தாழ்த்தித் தமிழில் கேட்டாள். "வெட்டினனீங்களோ?"

"ஓம்."

"எடுத்து வச்சிருக்கிறியள்தானே?"

நான் ரிமோட்டை எடுத்துப் புறாக்களை நிற்பாட்டினேன். இருபத்தேழு வருடம் என்னோடு குடும்பம் நடத்துகிறவளுக்கு அதற்குமேல் சொல்லத் தேவையில்லை.

சின்யோரா எங்களைக் கவனிக்கவில்லை. தன்பாட்டில் சொல்லிக்கொண்டு போனார்.

"என்ரை அப்பா கோவிலிலை பிரசங்கம் வைக்கிறவர். பாட்டெண்டா அவருக்கு விருப்பம், ஆட்டம் எண்டா பாவம், நான் ஆடினாக் காணாதமாதிரி இருப்பார். வீட்டிலை படம் பிடிக்கவும் விடமாட்டார். சால்வோ கமராவோட வந்து நிக்க, வேதப்புத்தகத்திலை கை வைக்கச் சொன்னவர். பாட்டுக்காரரை எடு, என்ரை மகள் ஆடேக்கை முகம் வரக்கூடாது எண்டு சத்தியம் வாங்கினவர். காலை எடுக்கலாமோ எண்டு சால்வோ கேட்டவர். அப்பா கனநேரம் யோசிச்சுப்போட்டு, காலைப் பாத்து ஆரெண்டு சொல்லேலாது, எடு எண்டிட்டார்."

சின்யோரா சிரித்தார்.

"சால்வோ முழங்காலிலை இருந்து குனிஞ்சு என்ரை காலையே எடுத்துக்கொண்டிருந்தவர். எனக்கு அவரின்ரை உச்சந்தலை மட்டும்தான் தெரிஞ்சது. இவரைத்தான் கட்டுறதெண்டு அப்பதான் நினைச்சனான். சொன்ன சொல்லு தவறாத மனுசன் எண்டு. அந்தப் பத்தொன்பது வயசிலை என்ரை படம் எண்டு வேறை ஒண்டும் இல்லை, சிவா. அந்தக் கால்தான் இருக்கு."

நான் உண்மையைச் சொன்னேன். வெட்டினதையும் சொன்னேன், துடைத்ததையும் சொன்னேன். அவர் ஏசவில்லை. மீன்காரனை ஏசுகிற மாதிரி என்னை நாலு ஏச்சு ஏசியிருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். "வசந்தி, ஜன்னலைச் சாத்தும், குளிருது," என்றார். வெளியே நல்ல வெயில்.

"ஞாயிற்றுக்கிழமை நீங்கள் போகமுதல் கொண்டுவாறன், சின்யோரா."

"எதை?"

"காலை."

அடுத்தது, அடுத்தது

வசந்தி எனக்கு முன்னால் படி இறங்கினாள். வீதிக்கு வந்ததும், "முகம் முகம் எண்டு திரிஞ்சு மனுசியின்ரை காலை முறிச்சுப்போட்டியள்," என்றாள்.

சுருளை இனி இயந்திரத்தில் ஓட்ட முடியாது. வீட்டுக்கு வந்து அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். கிழிந்தது ஓரம்தான். நடுவில் படங்கள் அப்படியே இருந்தன, தபால் முத்திரையிலும் சின்னதாக, ஒன்றின்கீழ் ஒன்றாக. எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. ஒவ்வொன்றாகப் படம் பிடித்து, வரிசையாக ஓடவிட்டால் கால் ஆடும்.

தாலியைக் கிட்டத்தில் எடுக்கிற லென்ஸ் என்னிடம் இருந்தது. குசினி ஜன்னல் கண்ணாடியில் கேக் தட்டில் போடுகிற வெண்தாளை ஒட்டினேன், வெளிச்சம் ஒரே சீராக வருவதற்கு. சுவரில் தொங்கிய எங்கள் கலியாணப் படத்தைக் கழற்றி அதன் கண்ணாடியை எடுத்து, சுருளை ஜன்னலோடு அழுத்திப் பிடித்தேன். வசந்தி சுருளை இழுப்பாள், நான் எடுப்பேன். "அடுத்தது," என்பேன். இழுப்பாள். முன்னூற்றுச் சொச்சம் கால். விடுதி வேலையால் வந்தது முதல் வெயில் சாயும்வரை, நான்கு நாள்.

முப்பதாவது காலில் அலுத்தது. நூறாவது காலுக்குப் பிறகு ஒரு கால்போல மற்றது இல்லை என்று தெரிந்தது. இடது சப்பாத்தின் நாடா நடுவழியில் அவிழ்கிறது, அவள் நிறுத்தவில்லை. பாவாடை விளிம்பில் ஒரு சாண் நீளத்துக்கு வேறு நிற நூலால் தைத்திருக்கிறது. பலகையில் தலை தூக்கின ஆணி ஒன்று இருக்கிறது, எவ்வளவு வேகமாக ஆடினாலும் அவள் கால் அதன்மேல் விழவில்லை. ஆயிரக்கணக்கான முகங்களைப் பொறுக்கின நான் ஒரு முகத்தைக்கூட இப்படிப் பார்த்ததில்லை.

நாலாம் நாள், சுருளின் கடைசியில் வெள்ளைத் துண்டு வந்தது.

"அதை விடும்," என்றேன். "சாவி முடிய கமரா மெதுவாப் போகும், வெளிச்சம் கூடப் பட்டுப் பழுதாப்போடும்."

வசந்தி விடவில்லை. கண்ணாடியில் வைத்துக் கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள்.

"இஞ்சாருங்கோ. இதிலை ஒரு பெட்டை நிக்கிறாள்."

பார்த்தேன். வெளிறிப்போயிருந்தாலும் சந்தேகமில்லை. வேர்வையில் தலைமயிர் நெற்றியோடு ஒட்டி, பத்தொன்பது வயது டோரா நேரே எங்களைப் பார்த்து நாக்கை நீட்டிக்கொண்டு நின்றார். ஐந்தே ஐந்து படம். ஓடுகிற வேகத்தில் வெறும் வெள்ளை வெளிச்சமாகத்தான் தெரியும். பிப்போவின் சுவரில் நான் கண்டதும் அதைத்தான்.

நாங்கள் இரண்டுபேரும் குசினிக் கதிரையில் இருந்தோம். சந்தோஷப்பட்டது கொஞ்ச நேரம்தான்.

"அந்தாள் வேதப்புத்தகத்திலை கை வச்சதெல்லோ," என்றாள் வசந்தி. "சொன்ன சொல்லு தவறாத மனுசன் எண்டு மனுசி இவ்வளவு காலமும் நம்பிக்கொண்டிருக்குது. செத்தவரை நாங்கள் காட்டிக்குடுக்கிறதோ?"

எனக்கும் அதே யோசனைதான். அவர் கேட்டது கால். காலை மட்டும் கொடுத்துவிட்டு ஐந்து படத்தைப் பேசாமல் விட்டுவிடலாம். யாருக்கும் தெரியப்போவதில்லை. ஆனால் இனி அந்தச் சுருளில் ஒன்றை வெட்ட எனக்குக் கை வராது.

"நான் ஒண்டையும் வெட்டமாட்டன்," என்றேன். வசந்தி மறுக்கவில்லை.

சாவி

சனிக்கிழமை மத்தியானம் போனோம். வீடெல்லாம் கட்டின பெட்டிகள். தொலைக்காட்சியும் சின்யோராவின் கதிரையும் மட்டும் இடத்தில் இருந்தன. பாட்டில்லை, இதழில்லை, புறாவில்லை. கால் மட்டும்.

படம் கொஞ்சம் நடுங்கியது. முகில் வந்துபோன நேரத்தில் எடுத்த துண்டுகள் இருண்டு வெளித்தன. சின்யோரா முன்னால் சாய்ந்தார். "அந்த ஆணி," என்றார். "அப்பாவிட்டை எத்தினைதரம் சொன்னனான், அடிக்கச் சொல்லி." நாடா அவிழ்ந்தபோது அவர் வாய்க்குள் தாளம் எண்ணிக்கொண்டிருந்தார்.

கடைசியில் அந்த ஐந்து படத்தையும் ஒவ்வொன்றாக நிறுத்தி நிறுத்தி வரும்படி வைத்திருந்தேன். முதலாவது வந்ததும் சின்யோரா கையை உயர்த்தினார். நான் நிற்பாட்டினேன்.

அவர் அந்த நாக்கையும் நெற்றியையும் கனநேரம் பார்த்தார். நான் வசந்தியைப் பார்த்தேன். வசந்தி நிலத்தைப் பார்த்தாள்.

"சாவி முடிஞ்சுது, இனி நிமிந்து பாரும் எண்டெல்லோ சொன்னவர்," என்றார் சின்யோரா. "நான் அதை நம்பித்தான் நிமிந்தனான்."

பிறகும் அவர் கண்ணை எடுக்கவில்லை.

"அறுபது வருசத்துக்கு மேலை. ஒரே வீடு, ஒரே கட்டில். ஒரு நாளும் வாய் திறக்கேல்லை. கள்ளன்."

படத்தை எடுத்துவிடட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்று தலையசைத்தார். கதிரையைக் கிட்டத் தள்ளிவிடச் சொன்னார். தள்ளிவிட்டேன்.

"நீங்கள் ரெண்டுபேரும் போய்க் கோப்பி போடுங்கோ," என்றார். "ஆறுதலாப் போடுங்கோ. அவசரமில்லை."

நாங்கள் குசினிக்குள் போய்க் கதவைச் சாத்தினோம். வசந்தி பாத்திரத்தில் தண்ணீர் விட்டாள், கோப்பித்தூள் போட்டாள், மூடியை இறுக்கி அடுப்பில் வைத்தாள். கதவுக்கு அந்தப் பக்கம் சின்யோரா மெல்லிய குரலில் சால்வோவோடு கதைக்கத் தொடங்கியது கேட்டது. அடுப்பை நாங்கள் இருவருமே மூட்டவில்லை.